கணினி மாறியதும் திறக்க மறுக்கும் மென்பொருள்: கேள்வி பதில்

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், கணினியை மாற்றிய பிறகு அல்லது பழுது பார்த்த பிறகு மீண்டும் ஆக்டிவேட் ஆக (உரிமம் சரிபார்க்கப்பட்டு இயங்க) மறுக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கிறேன்.

கேள்வி: என் மடிக்கணினியில் மதர்போர்டு மட்டும்தான் மாற்றப்பட்டது. ஆனால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்று காட்டுகிறது. ஏன்?

2001-இல் வெளிவந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே, கணினியின் முக்கிய உறுப்புகளின் அடையாளங்களைத் திரட்டி ஒரு குறியீடு உண்டாக்கி, அதனோடு உரிமத்தைப் பிணைக்கும் முறை விண்டோஸில் இருந்து வருகிறது. ராம் அல்லது ஹார்ட் டிஸ்க் மாறினால் அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டு மாறினால் வேறு கணினி என்றே கருதும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமமாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. விண்டோஸ் 8 முதல் அத்தகைய கணினிகளில் கீ (உரிம எண்) மதர்போர்டிலுள்ள பயோஸ் என்ற அடிப்படை நிரலிலேயே பதியப்பட்டிருப்பதால், பழைய போர்டைக் கழற்றும்போது கீயும் அதனோடு போய்விடுகிறது.

இருந்தாலும் உடனே புதிய உரிமம் வாங்கிவிடாதீர்கள். பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடலோ தயாரிப்பாளர் அதற்கு இணையாகத் தரும் போர்டோ பொருத்தப்பட்டிருந்தால், புதிய உரிமம் தேவையில்லை என்பது மைக்ரோசாஃப்டின் விதிதான். எனவே பழுது பார்த்த ரசீதுடன் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுங்கள். பழுதுக்கு முன்பே உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதியிலுள்ள டிரபிள்ஷூட்டர் என்ற சிக்கல் தீர்க்கும் கருவியைத் திறந்து, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்து முயன்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கு 2016-இல் வந்த இந்த வசதியை, கணினி நன்றாக இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் எல்லாவற்றையும் மீண்டும் ஆக்டிவேட் செய்ய வேண்டுமா?

விண்டோஸுக்குப் பெரும்பாலும் வேண்டியிராது. ஆனால் சில மென்பொருள்கள் டிஸ்க் வால்யூமின் (டிஸ்கில் பிரித்த பகுதியின்) சீரியல் எண்ணைப் பார்க்கின்றன. ஃபார்மேட் செய்தால் அந்த எண் மாறும். குளோன் செய்தால் (பழைய டிஸ்கை அப்படியே நகலெடுத்தால்) பொதுவாக மாறாது.

கேள்வி: எங்கள் கடையின் டாலி கணக்கு மென்பொருள் இருந்த கணினி திடீரென்று செயலிழந்துவிட்டது. உரிமத்தைச் சரண்டர் செய்யவே (திருப்பி ஒப்படைக்கவே) முடியவில்லை. புதிய கணினியில் போட்டால் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்கிறது. இனி என்ன வழி?

பழைய கணினியில் உரிமத்தைச் சரண்டர் செய்து, புதிய கணினியில் ஆக்டிவேட் செய்வதே டாலியின் முறையான வழி. அது இயலாதபோது, வாடிக்கையாளர் சேவையிடம் சீரியல் எண்ணைக் கொடுத்து ரீசெட் செய்து தரக் கேளுங்கள். கணக்குத் தரவு வேறு, உரிமம் வேறு. பேக்கப் இருந்தால் தரவு பத்திரமாகவே இருக்கும்.

இதில் பெரும்பாலான கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். ஆக்டிவேஷனுக்குரிய அன்லாக் கீ, உரிமத்தில் பதிவான மின்னஞ்சலுக்கே வரும். அந்த மின்னஞ்சல் விற்ற முகவருடையதாகவோ, வேலையை விட்டுச் சென்ற கணக்கருடையதாகவோ இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். முகவர் தொழிலை விட்டிருப்பார். கணக்கர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பணம் கட்டிய முதலாளியோ தன் உரிமத்துக்குத் தானே உரிமையாளர் என்று நிரூபிக்க அலைந்துகொண்டிருப்பார். இது மிகவும் வேதனையான நிலை. வாங்கும் நாளிலேயே நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பில்லையும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். முகவர் தயங்கினால் வேறு முகவரிடம் வாங்குவதே நல்லது.

கேள்வி: பொறியியல் மென்பொருள் ஒன்று, அலுவலகத்தில் திறக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோனால் உரிமம் செல்லாது என்கிறது. கணினி அதேதான்.

அலுவலகத்தில் நீங்கள் டாக் (மடிக்கணினியைச் செருகும் இணைப்புப் பெட்டி) பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இவ்வகை மென்பொருள் பலவற்றில் உரிமக் கோப்பு நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி என்ற அடையாள எண்ணோடு பிணைக்கப்படுகிறது. கோப்பைப் பெற்ற அன்று டாக்கிலிருந்த கார்டின் முகவரியைக் கொடுத்திருந்தால், டாக் இல்லாத இடத்தில் உரிமம் செல்லாது. மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் கார்டின் முகவரியைக் கொடுத்து, உரிமக் கோப்பை மாற்றித் தரக் கேளுங்கள். அது வைஃபை கார்டாக இருந்தால், விண்டோஸில் முகவரியை அவ்வப்போது மாற்றிக் காட்டும் ரேண்டம் அமைப்பையும் அணைத்து வையுங்கள். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) வைத்திருப்போருக்கும் இதே தொல்லை உண்டு: அதை இயக்கும் விஎம்வேர் மென்பொருளில் மெஷினின் கோப்பை இடம் மாற்றியபின், நகர்த்தினீர்களா நகலெடுத்தீர்களா என்று கேட்கும்; நகலெடுத்தேன் என்று பதில் சொன்னால் புதிய அடையாளமும் புதிய மேக் முகவரியும் உண்டாகும், நகர்த்தினேன் என்றால் பழையதே நீடிக்கும்.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கியவன். மூன்று முறை ஆக்டிவேட் செய்தாயிற்று, இனி முடியாது என்கிறார்கள். உரிமச் சோதனையை உடைக்கும் கிராக் போட்டுக்கொண்டால் என்ன தவறு?

உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் கிராக்கோடு கடவுச்சொல் திருடும் நிரலும் வருவது மிகச் சாதாரணம்; வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் அதை ஓட்ட வேண்டாம். நிறுவனத்துக்கு எழுத்துமூலம் கேளுங்கள்: பில் நகல், சீரியல் எண், பழைய கணினி செயலிழந்த நாள் மூன்றும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். பழைய ஆக்டிவேஷன்களை நீக்கித் தரும்படி கேளுங்கள். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வதைவிட இதற்கு எளிதாக இணங்குவார்கள்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஆக்டிவேஷன் சர்வரையே மூடிவிட்டால்?

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தொடாமல், முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் அப்படியே நகல்) ஒன்று எடுத்து வையுங்கள். ஆனால் வன்பொருள் மாறினால் அதுவும் உதவாமல் போகலாம். 2005-இல் வெளியான கிரியேட்டிவ் சூட் 2 என்ற வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் சர்வர்களை மூடியபோது, ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பையும் அதற்கான சீரியல் எண்ணையும் அடோபி வெளியிட்டது. நிரந்தர உரிமம் என்று விற்ற எந்த நிறுவனமும் குறைந்தது இதையாவது செய்யக் கடமைப்பட்டது என்பது என் உறுதியான கருத்து. அடுத்த முறை நிரந்தர உரிமம் என்று எதையேனும் வாங்குமுன், இணையமின்றி ஆக்டிவேட் செய்ய வழி உண்டா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள்.