இல்லாத காலில் கடி

கேள்வி: விஞ்ஞானத்தால் மனித மனத்தை முழுமையாக விளக்க முடியுமா? முடியாதென்றால், ஆன்மா உண்டென்று ஒப்புக்கொள்வதுதானே நேர்மை?
– வாசகர், கல்முனை

பதில்: இரண்டாவதைக் கேட்பதற்காகத்தான் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இன்றைக்கு முடியாது. நாளைக்கு முடியுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் அங்கிருந்து ஆன்மாவுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறீர்களே, அது கல்முனைச் சந்தையில் மணிபேர்ஸைத் தொலைத்தவர், எடுத்தவன் யாரென்று தெரியாததால் பக்கத்தில் நின்றவனின் கையைப் பிடித்த கதை.

நம் பக்கத்தில் கண்ணிவெடியில் கால் போனவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனாலும் பெருவிரல் கடிக்கிறது என்பார்கள். சொறியப் போன கைக்கு வெறும் சாரம்தான் அகப்படும். பிரித்தானியத் தளபதி நெல்சனுக்கும் இதே கதைதான். 1797இல் வலது கை போனது. அதன் பிறகும் அந்தக் கை இருப்பதாகவே உணர்ந்தவர், ஆன்மா உண்டென்பதற்கு இதுவே சாட்சி என்று சொன்னதாகக் கூறுவார்கள். உங்களுக்கு ஏற்ற கூட்டாளி!

கை போனாலும் மூளையில் அந்தக் கைக்குரிய இடம் போவதில்லை. அதற்குப் பக்கத்திலேயே முகத்துக்குரிய இடம். 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரலில் தொடுவதாக அவர் சொன்னார்! பிறகு ஒரு சாதாரண முகக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்தன, வலி விட்டது என்று சிலர் சொன்னார்கள். எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஏன் பலிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் கையில் ஒரு கண்ணாடியாவது மிஞ்சியது. நெல்சனின் விளக்கத்தில் வலிக்கு மருந்து எதுவும் இல்லை.

'முழுமையாக' என்கிறீர்கள். 302 நரம்புக் கலங்களே உள்ள ஒரு சின்னப் புழுவின் நரம்பு இணைப்புப் படம் 1986இலேயே வெளியாகிவிட்டது. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றும் திட்டமாகச் சொல்ல முடியாது. நமக்கோ ஏறத்தாழ 8,600 கோடிக் கலங்கள். அத்தனையையும் படம் போட்டாலும், வலி ஏன் வலியாக உணரப்படுகிறது என்ற கேள்வி நிற்கும். 1995இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இந்த இடைவெளி மெய்யானது, மழுப்ப மாட்டேன்.

ஆன்மாவை நம்பாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் துறவி, கூடவே விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வந்த யாழ்நூல் என்ற தமிழிசை ஆய்வு நூலில் சுரங்களைக் கணக்குப் போட்டுத்தான் நிறுவினார். துறவியின் நம்பிக்கை அந்தக் கணக்கைக் கெடுக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வலியை உணர்வது ஆன்மாதான் என்றால், சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் ஏற்றும் மயக்க மருந்து அதை எப்படி உறங்க வைக்கிறது? உடம்பே இல்லாத ஒன்றுக்கு எத்தனை மில்லி? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் வைக்கிறேன்.