நீதிபதித் தேர்வா, வழக்கறிஞர் தொழிலா?

அன்புள்ள ஐயா,

வழக்கறிஞராகப் பதிவு செய்து ஓராண்டு ஆகிறது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு தொழில் அனுபவம் கட்டாயமாகிவிட்டதால், அதுவரை பெயருக்கு நீதிமன்றம் போய்வா, சென்னையில் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடு என்கிறார் அப்பா. நீதிபதி என்றால் சம்பளம், மரியாதை, நிம்மதி. வக்கீல் தொழிலில் ஒரு பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார். எனக்கோ நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவது பிடித்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் அப்பா சம்பளத்தைப் பற்றிச் சொல்வது சரி. உரிமையியல் நீதிபதிக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 77,840 ரூபாய், படிகள் தனி. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. அது உங்கள் கைக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வராவிட்டால் சீனியரிடம் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நிம்மதி என்று அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காலையில் வழக்குகளைக் கூப்பிட்டு வாய்தா போடுவதில் தொடங்கி, சாட்சியம், வாதம், உத்தரவு என்று பொழுது சாயும். தீர்ப்பை இரவில் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும். பக்கத்து நீதிமன்றம் காலியாக இருந்தால் அதன் பொறுப்பும் தலையில் விழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல். நேற்றுவரை ஒன்றாகத் தேநீர் குடித்த வழக்கறிஞர்களோடு இனி அளந்துதான் பேச முடியும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்று பார்க்கவேண்டியிருக்கும். இந்தத் தனிமையைத் தாங்குகிறவர்களே அந்தப் பதவிக்கு உரியவர்கள்.

ஒரு முன்சீப் நீதிமன்றத்தில், அதாவது உரிமையியல் நீதிபதியின் நீதிமன்றத்தில், பார்த்ததைச் சொல்கிறேன். நிலத்தகராறு வழக்கு, கூண்டில் எழுபது வயதுப் பெரியவர். "நான்கெல்லை தெரியாமல் பொய்ச் சாட்சி சொல்கிறீர் என்கிறேன்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் விரட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் வாய் திறக்கவில்லை. தட்டச்சர் கையை நிறுத்திக் காத்திருந்தார். நீதிபதி இளம்பெண். அவர் வக்கீலைக் கையமர்த்திவிட்டு, "வடக்கே என்ன இருக்கிறது, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார். "வாய்க்கால் அம்மா. அதைத் தாண்டி என் தம்பி நிலம்." அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அந்தக் காகிதம் போகுமே தவிர, பெரியவரின் முகம் போகாது. இரண்டாவது மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பார்ப்பது முக்கியமான சட்டப் பிரச்சினையை மட்டுமே. வாய்க்கால் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பது பெரும்பாலும் கீழ் நீதிமன்றத்திலேயே தீர்ந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் அங்கே உட்காரவேண்டும். பயிற்சி வகுப்பில் அது வராது.

அதனால்தான் 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு விதியை மீண்டும் கொண்டுவந்ததை நான் வரவேற்கிறேன். 2002-இல் அதே நீதிமன்றம்தான் இந்த விதியை நீக்கியிருந்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்கில் வரும். பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்றிதழ் தந்து, நீதித்துறை அதிகாரி அதில் மேலொப்பம் இடவேண்டும். பெயருக்குப் போய்வந்தும் அந்தக் காகிதத்தை வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளை உங்கள் முன்னால் நிற்கப்போகிற கட்சிக்காரர்களுக்குச் செய்யும் துரோகம் அது. தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. சாட்சியங்களையும் ஆவணங்களையும் தினமும் கையாள்கிறவருக்கு அதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கதவு ஒருமுறைதான் திறக்கும் என்றும் பயப்படவேண்டாம். நீதிபதி பானுமதி திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்காடியவர். உங்கள் மாவட்டத்து அரூர்தான். 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதியானார், 2014-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். கேரளத்தில் 1958-இல் முன்சீப்பாகத் தொடங்கிய பாத்திமா பீவி 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். ஏழாண்டு வழக்காடினால் மாவட்ட நீதிபதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். வயது 35 ஆகியிருக்கவேண்டும். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் சேர்த்து ஏழாண்டு இருந்தாலும் போதும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எழுந்து நின்று பேசுவது பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தரப்புக்காக நின்று போராடுவதில் உங்களுக்கு இவ்வளவு ஈடுபாடு இருந்தால், இருபத்தைந்து வயதில் நீதிபதியாக மேடையேறி வாய்மூடி உட்காருவது தண்டனையாகிவிடும். இப்போதைக்கு வழக்கறிஞராகவே இருங்கள் என்பதுதான் என் கருத்து. பெண் வக்கீலிடம் ஜீவனாம்ச வழக்கை மட்டும் கொண்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதில் அப்பாவின் கவலை நியாயமானது. அதை உடைக்க ஒரே வழி, சொத்து வழக்கிலும் கொலை வழக்கிலும் நீங்கள் குறுக்கு விசாரணை செய்வதை ஊர் பார்ப்பது. அடுத்த சாட்சியை நான் விசாரிக்கிறேன் என்று சீனியரிடம் கேளுங்கள். தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே நடத்துங்கள். தீர்ப்புக்குப் பிறகும் நிலம் கைக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பது அப்போது புரியும்.

நீங்கள் சாட்சியை விசாரிக்கும் நாளில் அப்பாவை அழைத்துச் சென்று பின்வரிசைப் பெஞ்சில் உட்காரவையுங்கள். திறந்த நீதிமன்றம்தான், யாரும் தடுக்கமாட்டார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.