துபாயிலிருந்து வந்த 24 சொற்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, மூணு வருஷமா எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் தளத்தில், கொஞ்சம் கொஞ்சமாக பிட்காயின் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். துபாயில் இருக்கும் எங்க அத்தான் ஒரு ஹார்டுவேர் வாலட், அதாவது காயினின் சாவியைப் பூட்டி வைக்கும் சின்னக் கருவி, வாங்கி, அவரே செட்டப் செய்து, அது திரையில் காட்டிய 24 சொற்களையும் தாளில் எழுதி, லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை லேமினேட் போட்டு பீரோவில் வைத்தால் போதுமா?"

லேமினேட் போட வேண்டாம் தம்பி. அந்தச் சொற்களையே பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் காயின் அந்தக் கருவிக்குள் இல்லை. பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கில்தான் இருக்கிறது. அதை எடுத்துச் செலவழிக்கும் சாவியைக் கருவி பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாவி 24 சொற்களிலிருந்து பிறக்கிறது. அந்தச் சொற்கள் ஒருவர் கையில் கிடைத்தால் கருவியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். அத்தான் மேல் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தத் தாள் ஒரு கை மாறி வந்திருக்கிறது. வழியில் யாராவது போனில் ஒரு படம் எடுத்திருந்தால் அது உங்களுக்குத் தெரியவே வராது. சொற்களை முன்கூட்டியே எழுதி வைத்த அட்டையோடு கருவியை விற்கும் மோசடியும் இருக்கிறது. சொற்கள் உங்கள் கண்முன், கருவியின் திரையில் பிறக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை, கருவியை ரீசெட் செய்வது. அப்புறம் தயாரித்த நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து ஆப்பை இறக்குங்கள். கூகுளில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். கருவி அசல்தானா என்று ஆப் சோதித்துச் சொல்லும். அப்டேட் இருந்தால் முடித்துவிட்டு, புதிய வாலட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கதவைச் சாத்தி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் எண்ணோடு பேனாவில் எழுதுங்கள். படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பது, ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது எதுவும் கூடாது. பின் நம்பரைப் பற்றி ரொம்பப் பதற வேண்டாம். லெட்ஜர் நிறுவனத்தின் கருவி என்றால் 3 முறை தவறாகப் போட்டதும், ட்ரெசர் நிறுவனத்தின் கருவி என்றால் இன்னும் சில முறைக்குப் பிறகும் தனக்குள் இருக்கும் சாவியை அழித்துக்கொள்ளும். சொற்கள் கையில் இருந்தால் மறுபடி உயிர் கொடுத்துவிடலாம்.

சரி, எங்கே எழுதி வைப்பது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டையில் எங்கள் சித்தி வீட்டுக்குள் தாமிரபரணித் தண்ணீர் வந்தது. வடிந்தபின் நான்தான் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். பத்திரங்கள் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. லேமினேட் போட்ட ஒரு சான்றிதழிலும் ஓரம் பிரிந்து சேறு நுழைந்து, மை ஊதா நிறமாகப் பரவியிருந்தது. அதே அறையில் சேற்றுக்குள் கிடந்த எவர்சில்வர் குடத்தைக் கழுவினேன். கல்யாணச் சீருக்குக் கொடுத்தபோது புள்ளி புள்ளியாக வெட்டிய சித்தியின் பெயர் ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருந்தது.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், பாத்திரக் கடைக்காரர் கையால் அல்ல, உங்கள் கையால். இரும்புக் கடையில், எழுத்தைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கும் லெட்டர் பஞ்ச் செட் ஒன்றும் தடிமனான எவர்சில்வர் தகடு இரண்டும் வாங்குங்கள். சொற்கள் எல்லாம் 2,048 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலப் பட்டியலிலிருந்து வருபவை. அதில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் 4 எழுத்துகள் ஒன்றாக இருக்காது. எனவே ஒரு சொல்லுக்கு 4 எழுத்து அடித்தால் போதும். தகட்டுக்கு அதிகபட்சம் 96 எழுத்து, கூடவே வரிசை எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எவர்சில்வர் உருக 1,400 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வீட்டுத் தீக்கு அது அசையாது. ஒரு தகடு உங்கள் வீட்டில், இன்னொன்று ஆற்றுத் தண்ணீர் எட்டாத வேறு ஊரில். முதல் 12 ஒரு இடம், மீதி 12 வேறு இடம் என்று பிரிக்காதீர்கள். ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் போய்விடும்.

இனி ஒத்திகை. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையை வாலட்டுக்கு அனுப்புங்கள். நெட்வொர்க் கேட்டால் பிட்காயின் என்பதையே தேர்ந்தெடுங்கள். கணினியில் தெரியும் முகவரியும் கருவித் திரையில் தெரியும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். காப்பி செய்த முகவரியைத் திருட்டு முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. பணம் வந்தபின், துணிந்து கருவியை மறுபடி ரீசெட் செய்யுங்கள். தகட்டைப் பார்த்தே சொற்களை ஏற்றுங்கள். அதே தொகை திரையில் வந்தால் உங்கள் தகடு சரி. அப்புறம் மீதியை மாற்றுங்கள், தள்ளிப்போடாமல். 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போனதை மறக்க வேண்டாம்.

வாங்கிய தேதியும் விலையும் உள்ள பட்டியலை எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கி வையுங்கள். விற்கும்போது லாபத்தில் 30 சதவீத வரி கணக்கிட அது வேண்டும்.

பிறகு கடிதமோ போனோ வரும், "உங்கள் 24 சொற்களைச் சரிபார்க்க வேண்டும்" என்று. 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் 2,70,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் வீட்டு முகவரி, போன் நம்பரோடு வெளியே கசிந்தது. அவர்களில் சிலருக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது. நிறுவனம் எதுவும் சொற்களைக் கேட்காது. கேட்பவர் திருடர், அவ்வளவுதான். கருவியைத் தவிர வேறு எந்தத் திரையிலும் அவற்றை டைப் செய்யாதீர்கள்.

உங்கள் மனைவியிடம் தகடுகள் இருக்கும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அந்த ஒத்திகையின்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, சொற்களை அவர் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள்.