பழைய பார்ட்ஸ் உடைந்து வந்தால் யாரைப் பிடிப்பது?

கேள்வி: என் 2013 மாடல் ஸ்விஃப்ட்டின் இடது ஹெட்லைட் ஒரு சின்ன மோதலில் போய்விட்டது. செலவைக் குறைக்கலாம் என்று ஓர் இணையச் சந்தையில், டெல்லி விற்பனையாளர் ஒருவரிடம் பழைய ஒரிஜினல் அசெம்பிளியை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். ‘யூஸ்டு, ஒர்க்கிங், லக் எல்லாம் பக்கா’ என்று விளம்பரத்தில் இருந்தது (லக் என்பது லைட்டை வண்டியோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் காது). பெட்டி வந்தபோது அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நான்கு நாள் கழித்து மெக்கானிக் கடையில் பிரித்தால், மூன்று லக்கில் இரண்டு முறிந்திருக்கிறது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. விற்றவர், ‘பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். தளத்தில் கேட்டால் விற்றவரிடம் பேசச் சொல்கிறார்கள். கூரியர்காரரோ, ‘நல்ல நிலையில் வாங்கியதாகக் கையெழுத்து இருக்கிறதே’ என்கிறார். — திண்டுக்கல் வாசகர்

பதில்: இதற்கு மேல் படிப்பதற்கு முன்னால் அந்த விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன மறுநாளே ‘லக் பக்கா’ என்ற வரி காணாமல் போவது இந்த வியாபாரத்தில் சகஜம். விற்பனையாளருடன் பேசிய சாட்டையும் சேர்த்து எடுங்கள்.

பழைய பொருள் என்றால் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கண்ணாடி கொஞ்சம் மஞ்சளடித்திருக்கும், கீறல் இருக்கும், பளபளப்பு போயிருக்கும். அதற்காகத்தான் விலை குறைவு. லக் முறிவது அந்தக் கணக்கில் வராது. அதுவும், முறியவில்லை என்று எழுதி விற்ற பிறகு வரவே வராது. ஒரு பொருளை இப்படி இப்படி இருக்கும் என்று சொல்லி விற்றால் அது அப்படியே இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. பழையதுக்கு அதில் தனி விலக்கு இல்லை. 2020இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் நேராகச் சொல்கின்றன: பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டாலோ, தளத்தின் வழியாக விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதி வைத்திருப்பது, நீங்கள் மனசு மாறித் திருப்பிக் கொடுக்கும்போது வேண்டுமானால் அவருக்கு உதவும். உடைந்த பொருளுக்கு உதவாது.

அம்மா போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெட்டி கைக்கு வந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. பொருளைப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று அதே 1930ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான்கு நாள் நியாயமான அவகாசம்தான். ஆனால் அதற்குப் பிறகும் எழுதாமல் நாளைக் கடத்தினால் வழக்கு இளைத்துக்கொண்டே போகும்.

அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். வீடியோ கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் முறிந்த லக்கே சாட்சி சொல்லும். முறிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் சுத்தமாக, ஓரம் கூராக இருந்தால் அண்மையில் முறிந்தது. தூசியும் பிசுக்கும் ஏறியிருந்தால் எப்போதோ முறிந்தது. அடுத்து, முறிந்த துண்டுகள் பெட்டிக்குள் கிடக்கின்றனவா? கிடந்தால் பெரும்பாலும் வழியில் உடைந்தது. துண்டே இல்லையென்றால், உடைந்த பொருளைத்தான் அவர் பெட்டியில் போட்டிருக்கிறார். பெட்டியை இன்னும் எறியவில்லை என்று நம்புகிறேன். வெளியே உள்ள லேபிள், உள்ளே வைத்த பேக்கிங், முறிவு, துண்டுகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் லெட்டர்பேடில், ‘இந்தத் தேதியில் பிரித்தபோது இப்படி இருந்தது, வண்டியில் பொருத்தவில்லை’ என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

வழியில் உடைந்தாலும், உடைந்ததையே அனுப்பினாலும் நீங்கள் பிடிக்க வேண்டியவர் விற்றவர்தான். பேக்கிங் அவர் செய்தது, கூரியரையும் நீங்கள் ஏற்பாடு செய்யவில்லை. அவர்களுக்குள் உள்ள கணக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனி போனில் பேசாதீர்கள், எழுதுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது விதி. அதே கடிதத்தில் விற்பனையாளரின் முழு முகவரியையும் கேளுங்கள். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் அதைக் கொடுத்தாக வேண்டும். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று ஒதுங்கும் தளங்கள், இந்த ஒரு கேள்விக்குப் பிறகு பேச்சின் தொனியை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் டிஸ்ப்யூட் போடுங்கள்.

அடுத்தது 1915 என்ற போன் நம்பர். அது தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலும் பேசலாம். பெரிய நிறுவனங்கள் பல அந்த மையத்துடன் இணைந்திருப்பதால் புகார் நேராக அவர்களுக்குப் போகும். அதுவும் பலிக்கவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். விற்றவரை முதல் எதிர்தரப்பாகவும் தளத்தை இரண்டாவதாகவும் சேருங்கள்.

ஆனாலும் 4,200 ரூபாய்க்காக ஆணையத்துக்கு ஓடுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் நன்றாக இருந்தால், பிளாஸ்டிக் வெல்டிங்கில் லக்கை ஒட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் இன்னும் கொஞ்சத்தையும் சேர்த்துப் பாதிப் பணம் திரும்ப வந்தால் நானாக இருந்தால் வாங்கிக்கொள்வேன். ஒட்டிய பிறகும் லைட் ஆடும் என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் வேண்டாம், ராத்திரியில் நாற்கரச் சாலையில் ஆடும் வெளிச்சத்தோடு ஓட்ட முடியாது. எதுவானாலும் பணம் கணக்கில் ஏறும் வரை ஒட்டவும் கூடாது, புகாரை மூடும் பட்டனை அமுக்கவும் கூடாது.

கேள்வி: சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்து நானே ஓட்டுகிறேன். ஃபேஸ்புக்கில் பெங்களூரு ஆள் ஒருவரிடம் பழைய கியர்பாக்ஸை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். லாரி பார்சலில் வந்தது. கேசிங்கில் விரிசல், ஆயில் ஒழுகுகிறது. பார்சல் ஆபீஸில் ‘ஓனர் ரிஸ்க்’, அதாவது சேதத்துக்குச் சரக்குக்காரரே பொறுப்பு, என்கிறார்கள். டாக்ஸி என்பதால் நான் நுகர்வோரே இல்லை என்கிறார் நண்பர். — திருப்பூர் வாசகர்

பதில்: நண்பர் சொல்வது பாதிதான் சரி. வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. ஒரு வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள், நீங்கள் நுகர்வோர்தான்.

சிக்கல் விற்றவர் பக்கம். தன் சொந்தக் காரைப் பிரித்து ஒரே ஒரு முறை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். மின்வணிக விதிகள் அவரைத் தொடாது, நுகர்வோர் ஆணையமும் கைகொடுக்காது. சிவில் நோட்டீஸ்தான். அதனால் அவருடைய புரொஃபைலைப் போய்ப் பாருங்கள். நான்கு பம்பரும் மூன்று கியர்பாக்ஸும் விற்பனைக்குக் கிடந்தால் அவர் வியாபாரிதான். அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

பார்சல் கம்பெனி காசு வாங்கிச் சேவை செய்தது, அதன் மேல் தனியாகப் புகார் நிற்கும். ‘ஓனர் ரிஸ்க்’ முத்திரை அவர்களுடைய அலட்சியத்தைக் கழுவிவிடாது. 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதைத் தவறவிடாதீர்கள். எல்ஆரில் (லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீதில்) பொருளின் மதிப்பை எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மதிப்பு எழுதாத சரக்குக்கு அவர்கள் தரும் இழப்பீட்டுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. அடுத்த முறை டெலிவரி எடுக்கும்போது அவர்கள் ரசீதிலேயே ‘டேமேஜ் நிலையில் பெற்றது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பழைய ஏசி கம்ப்ரஸர் பொருத்திய மூன்றாம் நாளே ஜாம் ஆகிவிட்டது. ‘மாட்டிய பொருளை எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். — கரூர் வாசகி

பதில்: பொருத்திவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் ஆகும். திருப்பிக் கொடுக்கும் உரிமை பலவீனமாகிவிடும், நஷ்டஈடு கேட்கும் உரிமை போகாது. வெளியே தெரியாத கோளாறை மாட்டிப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் அவர்கள் முதலில் கேட்கப்போவது, ஏசி லைனை ஃப்ளஷ் செய்தீர்களா (உள்ளே கழுவிச் சுத்தம் செய்தீர்களா), சரியான ஆயில் ஊற்றினீர்களா என்பதுதான். அதற்கு மெக்கானிக் பில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் நான் ஒருமுறை சைடு மிரர் வாங்கியபோது கடைக்காரர் ஒயரை பேட்டரியில் தொட்டு, மோட்டார் சுழல்வதைக் கண்ணெதிரே காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார். ‘செக்கிங் வாரண்டி மட்டும்தான்’, அதாவது சோதித்துக் காட்டுவதோடு சரி, என்றும் சொன்னார். ஆன்லைனில் அந்த இரண்டும் கிடைக்காது. பணம் அனுப்பும் முன், கம்ப்ரஸரின் நம்பர் பிளேட்டும் புல்லி கையால் சுழல்வதும் ஒரே ஷாட்டில் தெரிய வீடியோ கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.