முகப் பவுடருக்கு 5, சன்ஸ்கிரீனுக்கு 18

வெயிலிலிருந்து தோலைக் காக்கும் சன்ஸ்கிரீன் களிம்புக்கு 18 விழுக்காடு வரி போடுவது நியாயமா என்று மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பதில் சொல்ல வேண்டியதோ, கடைசிப் பத்தியில் ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன செய்திக்கு. உங்கள் மகனைப் போலவே தோலில் நிறமி இல்லாமல், அதாவது அல்பினிசத்தோடு பிறந்தவர் உங்கள் நாத்தனார். தூத்துக்குடி உப்பளத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். காது மடலில் இரண்டு மாதமாக ஆறாத புண்ணுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி வருகிறார். அவரை இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அல்பினிசம் உள்ளவர்களுக்குக் காது, மூக்கு, கீழுதடு, பிடரி, புறங்கை ஆகிய இடங்களில் நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, ஆறியதுபோலக் காட்டிவிட்டு மறுபடியும் பொருக்குத் தட்டும் புண்ணோ, தொட்டாலே ரத்தம் கசியும் தடிப்போ இருந்தால், பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனையின் முடிவு வரும் வரை அதைத் தோல் புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்வது தோல் மருத்துவர்களான எங்கள் வழக்கம். தொடக்க நிலையில் வந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். கழுத்தில் நெறி கட்டிய பிறகு வந்தால் கதை வேறு. கத்தி பட்டால் பரவும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டு வீட்டிலேயே இருந்தவர்களுக்குத்தான் நோய் பரவியிருக்கிறது. கடைக்காரர் கொடுத்த களிம்பில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். அது சிவப்பையும் அரிப்பையும் மறைத்து, புண் ஆறுவதாக நம்பவைத்து, மாதங்களை விழுங்கிவிடும்.

இனி உங்கள் ஒன்பது வயது மகனைப் பற்றி. நம்மால் சன்ஸ்கிரீன் வாங்க முடியாததால் அவனும் அத்தையைப் போல ஆகிவிடுவானோ என்பதுதான் உங்கள் பயம் என்று புரிகிறது. அத்தைக்குக் கேடு செய்தது பல ஆண்டுகள் மறைப்பில்லாமல் பட்ட உப்பளத்து வெயில். அந்த வெயில் அவனுக்குக் கிடையாது, கிடைக்கவும் விடாதீர்கள். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, காதையும் பிடரியையும் மறைக்கும் அகலமான தொப்பி ஆகிய மூன்றும் எந்தக் களிம்பையும் விட நம்பகமானவை. ஒரு முறை வாங்கினால் ஓராண்டுக்கு வரும். பள்ளியில் தொப்பி அணியவும், காலை வழிபாட்டின்போது நிழலில் நிற்கவும், விளையாட்டு வகுப்பைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளவும் தலைமை ஆசிரியருக்கு மருத்துவர் சான்றே எழுதித் தருவார், கேட்டு வாங்குங்கள்.

சன்ஸ்கிரீனே புற்றுநோயை உண்டாக்கும் என்ற காணொளியையும், தேங்காய் எண்ணெய் போதும் என்ற காணொளியையும் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் அழித்துவிடுங்கள். வெயில் படாவிட்டால் வைட்டமின் டி குறையுமே என்ற கவலைக்கு மலிவான மாத்திரை இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

துணி மறைக்காத முகம், கழுத்து, காது, கைகளுக்கு மட்டுமே சன்ஸ்கிரீன். இங்கேதான் விலை உண்மையாகவே தீங்கு செய்கிறது. ஐம்பது கிராம் டியூபை நான்கு மாதம் வரை இழுக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசிச் சோதித்துத்தான் டியூபின் மேல் எஸ்பிஎஃப் 50 என்று, வெயில் காப்பின் அளவைக் காட்டும் எண்ணை அச்சிடுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மகனுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2 கிராம், நாளுக்கு இரண்டு தடவை என்றால் 4 கிராம் வேண்டும். நீங்கள் பூசுவது நாளுக்கு அரை கிராம்கூட இல்லை. அப்படிப் பூசினால் 50 என்ற எண் அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருக்கும், பையனின் தோலில் இருக்காது. போதிய அளவு பூசினால் மாதம் இரண்டரை டியூப் ஆகும். நீங்கள் சொல்லும் 590 ரூபாய் விலைக்கு அது 1,475 ரூபாய். அதில் 225 ரூபாய் வரி.

'இது காஸ்மெட்டிக்', அதாவது மருந்து அன்று, அழகுப் பொருள் என்று கடைக்காரர் சொன்னது சட்டப்படி சரிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சன்ஸ்கிரீனுக்கு 28 விழுக்காடு விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் விகிதங்களை மாற்றி அமைத்தபோது முகப் பவுடரும் டால்கம் பவுடரும் 5 விழுக்காட்டுக்கு இறங்கின, பெரும்பாலான மருந்துகளும் அப்படியே. குங்குமத்துக்கும் பொட்டுக்கும் முன்பிருந்தே வரி கிடையாது. சன்ஸ்கிரீனோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. முகத்தை வெளுப்பாகக் காட்டும் பொருளுக்கு 5, வெளுத்த தோலைக் காக்கும் பொருளுக்கு 18 என்ற இந்தக் கணக்கை எந்தத் தோல் மருத்துவராலும் நியாயப்படுத்த முடியாது.

வரியைக் குறைத்தால், சன்ஸ்கிரீன் என்ற பெயரில் எல்லா அழகுக் களிம்புகளும் சலுகையில் நுழைந்துவிடும் என்பதும் பெரிய சிக்கல் அன்று. எஸ்பிஎஃப் 15 அல்லது அதற்கு மேல் இருந்து, மருத்துவப் பொருளாகப் பதிவாகி, முதன்மையாக வெயில் காப்புக்கென்றே விற்கப்படும் களிம்புக்கு ஆஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி இல்லை. எஸ்பிஎஃப் சேர்த்த ஒப்பனைப் பூச்சுக்கு உண்டு. கோடு கிழிக்க முடியும் என்பதற்கு அது போதும்.

ஆனாலும் வரியை 5 ஆக்கினால் உங்கள் டியூப் 525 ரூபாய்க்கு வரும், அவ்வளவுதான். நம் ஊரில் கருத்த தோல் உள்ள பெரும்பாலோருக்கு வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அரிது; குடை பிடித்தாலே அவர்களுக்குப் போதும். அவர்களுக்கு மலிவாகக் கிடைப்பதைவிட, அல்பினிசமோ, வெயில் பட்டால் அதிகமாகும் லூபஸ் போன்ற நோயோ உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான்சானியாவின் மோஷி நகரில், அல்பினிசம் உள்ளவர்களுக்காக மருத்துவமனை சார்ந்த ஒரு பிரிவிலேயே சன்ஸ்கிரீன் தயாரித்து இலவசமாக வழங்குகிறார்கள். நம்மை விட ஏழை நாடு அது.

நாத்தனாரை அழைத்துச் செல்லும் அன்றே மகனையும் கூட்டிச் சென்று, உச்சி முதல் பாதம் வரை தோலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு இது ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேவை. சன்ஸ்கிரீனைச் சீட்டில் எழுதி, மருத்துவமனை இருப்பிலிருந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். நாத்தனார் தடவிய களிம்பு டியூபை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.