மைக்ரோவேவ் டப்பாவில் தேங்கும் தண்ணீரை எப்படி வடிப்பது? கேள்வி பதில்

உணவு டப்பா, ட்ரே வடிவமைப்பில் வேலை செய்கிறேன், கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: சூடாக்கினால் அடியில் தண்ணீர் நின்று எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் உறைய வைத்த பட்டாணி, கேரட் விற்கிறோம். வாங்குகிறவர்கள் மைக்ரோவேவில் வைத்தால் அடியில் குளம் மாதிரி தண்ணீர். காயில் தப்பா, டப்பாவில் தப்பா?

இரண்டிலும். மெதுவாக உறைய வைத்தால் காய்க்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி செல் சுவரைக் கிழித்துவிடும், உருகும்போது உள்ளே இருந்த நீர் அப்படியே வெளியே வரும். குவித்து வைக்காமல் மெல்லிய அடுக்காகப் பரப்பி வேகமாக உறைய வையுங்கள், அதிலேயே கொஞ்சம் குறையும். மிச்சத்தை டப்பாதான் கவனிக்க வேண்டும். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வீட்டு மைக்ரோவேவின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பனிக்கட்டி கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, தண்ணீர்தான் நன்றாக உறிஞ்சும். அதனால் முதலில் உருகிய இடம் மேலும் மேலும் சூடாகிக்கொண்டே போகும், பக்கத்தில் இருக்கும் பட்டாணி கல் மாதிரி கிடக்கும். அடியில் தேங்கிய நீர் கொதிக்க, மேலே நடுவில் பனி அப்படியே இருப்பது இதனால்தான். ஆகவே வடிப்பது பதத்துக்காக மட்டும் இல்லை, சமமாகச் சூடாவதற்கும் அது வேண்டும்.

கேள்வி: உள்தட்டு வைத்து அதில் 1 மி.மீ. ஓட்டைகள் நூறுக்கு மேல் போட்டோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை, ஏன்?

ஓட்டையின் எண்ணிக்கையைவிட அளவு முக்கியம். சின்ன ஓட்டையில் நீரின் பரப்பு இழுவிசையே மூடி மாதிரி நின்றுவிடும். கொதிநிலையில் இருக்கும் சுத்தமான நீரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 2 மி.மீ. ஓட்டை தன் தலைக்கு மேல் சுமார் 12 மி.மீ. உயர நீரைத் தாங்கி நிற்கும். உங்கள் 1 மி.மீ. ஓட்டை அதைப்போல இரு மடங்கு தாங்கும். உங்கள் தட்டில் அவ்வளவு உயரத்துக்கு நீர் சேரப்போவதே இல்லை, அப்புறம் எப்படி இறங்கும்? 4 மி.மீ. ஆக்குங்கள், பட்டாணி விழாது, நீர் இறங்கும். நீளவாக்கில் வெட்டிய கண் இன்னும் நல்லது. ஓட்டையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு சின்ன மூக்கு விட்டால் சொட்டு அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். தண்ணீர் கீழே போக வேண்டுமென்றால் அங்கே இருக்கும் காற்று மேலே வர வழி வேண்டும், அதை எல்லோரும் மறக்கிறார்கள். மூலையில் உயர்த்திய ஒரு காற்றுவழி வையுங்கள்.

கேள்வி: சரி, கீழே வடிந்த தண்ணீரை என்ன செய்வது? அது கொதித்து ஆவியாகி மறுபடி உணவையே நனைக்கிறதே.

இந்த வேலையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வடித்தாயிற்று என்று விட்டுவிட்டால், கீழே கிடக்கும் நீர் அடுப்பின் சக்தியை உணவோடு பங்கு போட்டுக்கொண்டே இருக்கும். 800 வாட் முழுவதும் நீரைக் கொதிக்கவைக்கவே போனால் நிமிஷத்துக்கு 20 கிராம் சொச்சம் ஆவியாகும், ஒரு கிராம் நீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் ஆவி. சின்ன டப்பாவுக்குள் நிமிஷத்துக்கு 35 லிட்டர் ஆவி என்றால் யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து இதற்கு இரண்டு நேர்மையான வழிகள். ஒன்று, அந்த ஆவியையே வேலைக்கு வைப்பது. அமெரிக்காவில் கோனாக்ரா நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த ஹெல்தி சாய்ஸ் கஃபே ஸ்டீமர்ஸ் அப்படித்தான்: கண் வைத்த உள்கிண்ணத்தில் பாஸ்தாவும் காயும், வெளிக்கிண்ணத்தில் சாஸ், சாஸிலிருந்து எழும் ஆவியில் மேலே இருப்பது வேகும். நம் இட்லிப் பானையின் அதே கணக்கு. இரண்டாவது, கீழ்த்தொட்டியை அலுமினியத் தகட்டால் மறைப்பது. அலை உள்ளே போகாது, நீர் கொதிக்காது. ஆனால் தகட்டின் விளிம்பு கூராகவோ மடிந்தோ இருந்தால், அல்லது அடுப்பின் சுவரைத் தொட்டால் தீப்பொறி வரும். விளிம்பை வளைத்து பிளாஸ்டிக்கால் மூடிச் செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

மூடியையும் பாருங்கள். அடுப்புக்குள் காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும், மூடியும் குளிர்ச்சி, ஆவி அதில் பட்டு முத்து முத்தாக நின்று நடுவில் சொட்டும். மூடி தட்டையாக இருக்கக் கூடாது, நீர் விளிம்புக்கு ஓடுகிற மாதிரி குமிழாக இருக்க வேண்டும். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: இறைச்சி ட்ரேயின் அடியில் ஒரு பஞ்சுத் தாள் வருமே, அதையே போட்டால்?

கூடாது. அது குளிர்பெட்டிக்காகச் செய்தது, பலவற்றில் உள்ளே உறிஞ்சும் பாலிமர் தூள் இருக்கும். சூடாக்குவதற்கென்றே சான்று பெற்ற தாள் தனியாகக் கிடைக்கிறது. கொழுப்பு வடியும் பண்டம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: நீர் 100 டிகிரியில் நிற்கும், எண்ணெய் நிற்காது. மைக்ரோவேவ் டப்பாக்களில் வழக்கமாக வரும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே இளகிவிடும். அங்கே சி-பெட் (சூடு தாங்குகிற மாதிரி படிகமாக்கிய பெட் பிளாஸ்டிக்) ட்ரேதான் சரி, 220 டிகிரி வரை தாங்கும்.

கேள்வி: ஜப்பானிய கப் யாக்கிசோபாவில் (டப்பாவில் வரும் உடனடி நூடுல்ஸ்) மூடியிலேயே வடிக்கும் ஓட்டை இருக்கிறதே, அதைச் செய்யலாமா?

அருமையான யோசனை. அந்த வகையில் பெயங் என்ற பிராண்ட் 1975-இல் வந்தது, நிஸின் நிறுவனத்தின் யுஎஃப்ஓ 1976-இல். வெந்நீர் ஊற்றி, ஊறியதும் மூடியின் ஓரத்துக் கண்கள் வழியாகச் சாய்த்து வடிப்பார்கள். ஆனால் அந்தச் சாய்ப்பில்தான் கை வெந்துபோகும். என் அம்மா ஒரு முறை ஏதோ ஒரு டப்பாவின் மேல்தாளைத் தன் பக்கமிருந்தே உரித்தார், உள்ளே அடைந்திருந்த ஆவி நேரே மணிக்கட்டில் அடித்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது. அன்றிலிருந்து நான் வரையும் எந்த மூடியிலும் முதலில் திறக்கும் மூலை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம்தான். பிடிப்பதற்குச் சூடேறாத இரண்டு காதும் வையுங்கள், அதற்காகும் பிளாஸ்டிக்கைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: சட்டப்படி என்ன பார்க்க வேண்டும்?

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்குவது மொத்தத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சாயமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கக் கூடாது. உங்கள் டப்பா உண்மையில் தொடும் சூட்டுக்கு ஏற்ற சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சார், நான் கல்லூரி மாணவன். அச்சு செய்யப் பணம் இல்லை, வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தாராளமாக முடியும், தம்பி. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு பார்சல் டப்பா வாங்கு, அடியில் 5 என்று போட்டிருக்க வேண்டும், அது பாலிப்ரொப்பிலீனுக்கான எண். உள் டப்பாவின் அடியில் 4 மி.மீ. துளை போடு, இரண்டுக்கும் நடுவில் விரல் அகலம் இடைவெளி விடு. உறைந்த பட்டாணி 200 கிராம் எடைபோட்டு வை. சூடாக்கியதும் பட்டாணியை ஒரு எடை, கீழே வடிந்த நீரை ஒரு எடை, காணாமல் போனது ஆவி. துளை போடாத டப்பாவிலும் அதே மாதிரி செய். நடுவில் இருக்கும் பட்டாணியைக் கடித்துப் பார், பனி இருக்கிறதா என்று எழுதிக்கொள். பக்கத்து வீட்டு அடுப்பிலும் ஒரு தடவை வைத்துப் பார், அடுப்புக்கு அடுப்பு மாறும். எடைகளை அனுப்பு, துளை எங்கே எத்தனை என்று அப்புறம் சேர்ந்து பார்ப்போம்.