இடுப்பை அளந்த பிறகு சக்கரத்தைப் பாருங்கள்

சிறப்புக் குழந்தைகளுக்கான ஸ்ட்ரோலர் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கே: என் மகனுக்கு 8 வயது, பெருமூளை வாதம். எடை 24 கிலோ. சின்ன வயதில் வாங்கிய ஸ்ட்ரோலரில் உட்கார வைத்தால் கூனிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிகிறான். கொஞ்சம் பெரிய ஸ்ட்ரோலராக வாங்கினால் சரியாகிவிடுமா?

ப: பெரிதாக வாங்கினால் கூனலும் பெரிதாகும். கைக்குழந்தை ஸ்ட்ரோலரின் இருக்கை இரண்டு கம்பிகளுக்கு நடுவே தொங்கும் துணி. நிமிர்த்தி வைத்த தூளி என்றே சொல்லலாம். நடுவில் அது குழிவதால் தொடைகள் இரண்டும் உள்ளே திரும்பி ஒட்டிக்கொள்ளும், இடுப்பெலும்பு பின்னால் சாயும். பிள்ளை வால் எலும்பின் மேல் உட்கார்ந்திருப்பான். அடித்தளமே சாய்ந்த பிறகு முதுகு எப்படி நிமிரும்? தசை இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. தொடையை உள்ளே திருப்பி வைக்கும் இருக்கை அவர்களுக்கு ஆகவே ஆகாது. எடையும் இடிக்கிறது: சாதாரண ஸ்ட்ரோலர்கள் பெரும்பாலும் 15 முதல் 22 கிலோ வரைதான் தாங்கும்.

உங்களுக்கு வேண்டியது அடியில் கெட்டியான பலகையும் மேலே குஷனும் உள்ள இருக்கை. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சமமான மரப்பலகையிலோ பெஞ்சிலோ பிள்ளையை உட்கார வைத்து, ஒருவர் பின்னாலிருந்து இடுப்பை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். படுக்கவைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

முதலில் இடுப்பின் அகலம். அதோடு 2 அல்லது 3 செ.மீ. சேர்த்தால் இருக்கையின் அகலம். அடுத்தது பின்புறத்தின் கடைசியிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள நீளம். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இந்த அளவு 34 செ.மீ. என்றால் இருக்கையின் ஆழம் 31 செ.மீ. இருந்தால் போதும். 36 செ.மீ. ஆழமுள்ள இருக்கையில் உட்கார வைத்தால் விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் குத்தும். குத்துவதைத் தவிர்க்கப் பிள்ளை முன்னால் நகருவான், இடுப்பு மறுபடியும் பின்னால் சாயும். நல்ல இருக்கை வாங்கியும் பழைய கூனலே திரும்பி வருவது இப்படித்தான். இரண்டு கால்களையும் தனித்தனியே அளந்து, நீளம் வேறுபட்டால் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

பிறகு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை: இது பாதம் வைக்கும் தட்டுக்கு, அதாவது ஃபுட்ரெஸ்டுக்கு. காலில் ஸ்ப்ளின்ட் (காலை நிலையாகப் பிடிக்கும் தாங்கு உறை) போடுகிறவன் என்றால் அதையும் ஷூவையும் மாட்டிவிட்டு அளக்க வேண்டும். கடைசியாக, பலகையிலிருந்து தோள் வரையும் உச்சந்தலை வரையும் உள்ள உயரம். தோள் பெல்ட் கிளம்பும் இடத்தையும் தலைத்தாங்கியின் உயரத்தையும் இவை தீர்மானிக்கும்.

கே: வளரும் பிள்ளைதானே, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

ப: சட்டைக்குச் சரி, இதற்கு வேண்டாம். அகலம் கூடினால் பிள்ளை ஒரு பக்கம் சாய்வான், அந்தச் சாய்வே பழகிவிடும். வளர்ச்சிக்கு இடம் கொடுக்கும் வண்டி வேறு விதம்: இருக்கையின் ஆழம், முதுகின் உயரம், ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் ஸ்பேனரால் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரரிடம் "இதை எத்தனை செ.மீ. வரை நீட்டலாம்?" என்று கேட்டு, கண் முன்னாலேயே நீட்டிக்காட்டச் சொல்லுங்கள். அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபார்த்தால் போதும்.

கே: மகள் சறுக்கிக்கொண்டே கீழே போகிறாள். மார்பு பெல்ட்டை இறுக்கினால் அது கழுத்துக்கு வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது.

ப: பயப்பட வேண்டியதுதான். இடுப்பு நழுவி உடம்பு கீழே இறங்கும்போது மார்பு பெல்ட் அதே இடத்தில் நின்று கழுத்தை அழுத்தும். இதில் மூச்சு முட்டிப்போகலாம். இடுப்பு பெல்ட் சரியாகும்வரை மார்பு பெல்ட்டோடு அவளைத் தனியே விட்டு நகராதீர்கள்.

உட்கார வைக்கும் வரிசை இது. இருக்கை சாய்க்கக்கூடியது என்றால் முதலில் அதை லேசாகப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய முழங்கால்களை மடக்கி, இடுப்பை இருக்கையின் பின்மூலை வரை தள்ளுங்கள். முதலில் மாட்ட வேண்டியது இடுப்பு பெல்ட். அது வயிற்றின் குறுக்கே போகக் கூடாது. இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்பு முனைகளுக்குக் கீழே, தொடை மடிப்பை ஒட்டி, இருக்கையோடு 45 முதல் 60 டிகிரி கோணத்தில் பின்னோக்கிக் கீழே இறங்க வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் இறுக்கம் சரி. இதற்குப் பிறகே பாதம், கடைசியில்தான் மார்பு. கழற்றும்போது தலைகீழ் வரிசை: மார்பு முதலில், இடுப்பு கடைசியில்.

பெல்ட் சரியாக இருந்தும் சறுக்கினால், முன்பே சொன்ன இருக்கை ஆழத்தையும் ஃபுட்ரெஸ்டையும் பாருங்கள். கால் அந்தரத்தில் தொங்கினாலும் உடம்பு முன்னால் இழுக்கப்படும். தொடைகளுக்கு நடுவே வைக்கும் கட்டை சறுக்கலைத் தடுக்க என்று சிலர் நினைக்கிறார்கள். அது தொடைகளை விலக்கி வைப்பதற்கானது. சறுக்கும் பிள்ளையை அதில் முட்டி நிற்க வைத்தால் புண்ணாகும்.

கே: சாய்வு வசதி இரண்டு விதமாம். கடையில் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.

ப: ஒன்றே அல்ல. ஒன்றில் முதுகு மட்டும் பின்னால் படுக்கும். இன்னொன்றில் முதுகும் இருக்கையும் சேர்ந்து, எல் வடிவம் கலையாமல், ஊஞ்சல் பலகை போல மொத்தமாகச் சாயும்; இதற்கு டில்ட் என்று பெயர். முதுகு மட்டும் படுக்கும்போது இடுப்பின் மடிப்பு விரிகிறது. உடம்பை வில்லாக விறைக்கும் பிள்ளைகளுக்கு அந்த விரிவே விறைப்பைத் தூண்டிவிடும். மறுபடி நிமிர்த்தும்போது முதுகுத் தோல் துணியில் உராய்ந்து, பிள்ளை முன்னே தள்ளப்படுவான். தலை நிற்காதவர்களுக்கும் விறைப்பு உள்ளவர்களுக்கும் டில்ட்தான் என் தேர்வு. தூங்க வைக்கவும் டயப்பர் மாற்றவும் முதுகு படுப்பது வசதி என்பதை மறுக்கவில்லை. எந்தச் சாய்வானாலும் சாப்பாடு ஊட்டும்போது பின்னால் சாய்க்காதீர்கள், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு எந்தக் கோணம் என்பதைப் பேச்சு தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கே: மகளுக்கு 10 வயது, ஆட்டிசம். நன்றாக நடப்பாள். ஆனால் கூட்டத்தில் திடீரென்று ஓடுவாள், இல்லையென்றால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஸ்ட்ரோலர் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவாள் என்கிறார்கள்.

ப: நீண்ட தூரத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் பயன்படுத்தினால் நடை குறையாது. வெளியே போவதே நின்றுபோனால்தான் குறையும். பக்கங்களை மறைக்கும் கூரை உள்ளதாகப் பாருங்கள். இரைச்சலும் வெளிச்சமும் கூடும்போது ஒதுங்க ஓரிடம் கிடைக்கும். தண்டனையாக அதில் உட்கார வைத்தால் மட்டும் அடுத்த முறை ஏறவே மாட்டாள். உங்கள் மகளின் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது ஃபுட்ரெஸ்ட். அதன் மேல் ஏறி நிற்கிற பழக்கமுள்ள பிள்ளை வண்டியை முன்பக்கமாகக் கவிழ்த்துவிடும். மடக்கும் ஃபுட்ரெஸ்டாக இருந்தால் மடக்கிவிட்டுத் தரையில் கால் ஊன்றி இறங்கலாம்.

கைகளில் வலுவிருந்து, நடக்கமட்டும் முடியாத பிள்ளை என்றால் ஸ்ட்ரோலருக்கு முன் தானே தள்ளிச் செல்லும் சக்கர நாற்காலியை யோசியுங்கள். ஸ்ட்ரோலரில் போகும் திசை எப்போதும் தள்ளுகிறவருடையது.

கே: சக்கரம், பிரேக், கார் பயணம் பற்றி?

ப: சின்னக் கெட்டிச் சக்கரம் மால் தரைக்கு நன்று, மண்ணிலும் கல்லிலும் முன்சக்கரம் சிக்கி வண்டி குப்புறத் தலைசாயும். பாதை கரடுமுரடு என்றால் 12 அங்குல அளவில் பின்சக்கரமும், நேராகப் பூட்டக்கூடிய முன்சக்கரமும் வேண்டும். காற்று டயர் மெத்தென்று போகும், பஞ்சரும் ஆகும். பஞ்சர் ஒட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஃபோம் நிரப்பிய டயர். பிரேக்கைப் பிள்ளையை உட்கார வைத்துச் சரிவில் போட்டுப் பார்க்க வேண்டும். காலி வண்டி எந்தச் சரிவிலும் நிற்கும்.

காரில் வண்டியோடு உட்கார்ந்து போவதானால், மோதல் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 7176-19 தரம் அதன் கையேட்டில் இருக்க வேண்டும். 4 மூலைகளில் கட்டும் கொக்கிகளும், வாகனத்தில் பிள்ளைக்குத் தனி சீட் பெல்ட்டும் வேண்டும். ஸ்ட்ரோலரின் சொந்த பெல்ட் உட்காரும் நிலைக்கானது, மோதலைத் தாங்காது. இவை இல்லையென்றால் பிள்ளை கார் சீட்டில், வண்டி மடித்து டிக்கியில். ஆகவே வாங்கும் முன் மடித்த வண்டியை நீங்களே ஒருமுறை டிக்கிக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள். சில மாடல்களில் இருக்கையைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். மழையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

கே: பழைய ஸ்ட்ரோலர் ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?

ப: அளவு பொருந்தினால் எடுக்கலாம். சமதரையில் கையை விட்டு லேசாகத் தள்ளுங்கள். ஒரு பக்கமாக வளைந்து போனால் சட்டம் கோணியிருக்கிறது அல்லது சக்கரம் தேய்ந்திருக்கிறது. வெல்டு இணைப்புகளில் மெல்லிய கீறல் தெரிந்தால் பேரமே வேண்டாம். பெல்ட் நாடாவின் ஓரம் நூல் பிரிந்திருந்தால் நாடாவையே மாற்றுங்கள். முன்சக்கர அச்சில் சுற்றிய தலைமுடியைக் கத்தரித்து எடுத்தாலே பாதி வண்டிகள் புதிதாக உருளும். கைப்பிடியில் கனமான பை மாட்டுவது மட்டும் கூடாது. பிள்ளையை இறக்கிய மறு நொடி வண்டி மல்லாக்கச் சாயும். பையை இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில் வையுங்கள்.